ரொமாண்டிக் கால இலக்கிய மாநாட்டுக்குப் போகும் இளம் ஆய்வாளர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், ஷெல்லி, மேரி ஷெல்லி, ஜேன் ஆஸ்டின் காலத்து இலக்கியத்தை எடுத்து ஆய்வு செய்கிற இளைஞர்களுக்கென்றே பிரிட்டனில் ஒரு மாநாடு நடக்கிறது. அதைப் பற்றி பி.எச்டி. மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். நம் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் அதிகம் தடுமாறுகிற இடங்கள் அவை.

இது யார் நடத்தும் மாநாடு?

பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் ரொமாண்டிக் ஸ்டடீஸ், சுருக்கமாக பார்ஸ். 1989ல் தொடங்கிய சங்கம். பேராசிரியர்கள் எல்லாரும் கூடும் பெரிய சர்வதேச மாநாடு ஒன்றை நடத்துகிறது. அது தவிர, முனைவர் பட்ட மாணவர்களுக்கும் பட்டம் முடித்துச் சில வருடங்களே ஆனவர்களுக்கும் தனியாக ஒரு சிறிய மாநாடு உண்டு. 2014ல் கிராஸ்மியரிலும், 2016ல் ஆக்ஸ்ஃபோர்டிலும், 2018ல் கிளாஸ்கோவிலும் நடந்தது. 2020ல் லண்டனில் கீட்ஸ் வாழ்ந்த வீட்டில் நடப்பதாக இருந்து, கொரோனா வந்ததால் இணையவழிக்கு மாறியது. 2023ல் எடின்பரோ.

ஒவ்வொரு முறையும் ஒரு பொதுத் தலைப்பு இருக்கும். இடங்கள், குரல்கள், பரிமாற்றங்கள், எதிர்காலங்கள், எல்லைகள் என்று இதுவரை வந்திருக்கின்றன. அகலமான தலைப்புகள்தான். உங்கள் ஆய்வுக்கு அதில் ஒரு வாசல் கிடைக்கும்.

ஏற்பாடு செய்வதும் இளம் ஆய்வாளர்களே. சங்கத்தின் செயற்குழுவில் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் பிரதிநிதிகள் இருக்கிறார்கள்; பொறுப்பு அவர்களுடையது. ஆகவே சந்தேகம் கேட்டு மெயில் அனுப்பத் தயங்க வேண்டாம். மறுமுனையில் இருப்பவரும் உங்களைப் போல ஆய்வேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்தான்.

ரொமாண்டிக் காலம் என்று எந்த வருடங்களை எடுத்துக்கொள்கிறார்கள்?

நம் பாடப்புத்தகங்களில் 1798 என்று இருக்கும். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 'லிரிக்கல் பேலட்ஸ்' வெளியிட்ட வருடம். பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1789ல் தொடங்கி 1832ல் முடிப்பவர்களும் உண்டு. இந்த மாநாட்டு வட்டத்தில் வேலி இன்னும் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. 1760 முதல் 1840 வரை என்று வைத்துக்கொண்டால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ் என்ற ஆறு கவிஞர்கள் மட்டும் என்ற காலமும் போய்விட்டது. சார்லட் ஸ்மித், ஃபெலிசியா ஹெமன்ஸ், ஜான் கிளேர், நாடக மேடை, செய்தித்தாள், பயணக்குறிப்பு, அடிமை முறைக்கு எதிரான துண்டுப் பிரசுரம் எல்லாமே உள்ளே வரும்.

எனக்கு 38 வயது. கல்லூரியில் பத்து வருடம் பாடம் நடத்திவிட்டு இப்போதுதான் பி.எச்டி. சேர்ந்திருக்கிறேன். நான் இளம் ஆய்வாளரா?

ஆம். வயதை யாரும் கேட்பதில்லை. ஆய்வில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. பி.எச்டி. பதிவு செய்திருந்தால் தாராளமாக அனுப்பலாம். முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் வரை என்பதை அந்தந்த அறிவிப்பில் சொல்வார்கள். முதுகலை மாணவர்களுக்கு இடம் உண்டா என்பதும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும்.

பேசப்போகும் கட்டுரையின் சுருக்கத்தில் (அப்ஸ்ட்ராக்ட்) என்ன எழுதினால் எடுப்பார்கள்?

நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். பேசவோ எழுதவோ தெரியாததால் அல்ல. தலைப்பையே அகலமாகப் பிடிக்கிறோம். 'வேர்ட்ஸ்வொர்த் கவிதைகளில் இயற்கை', 'கீட்ஸின் அழகியல்', 'ஃபிராங்கன்ஸ்டைன்: ஒரு பெண்ணியப் பார்வை' மாதிரி. நல்ல மாணவர்கள்கூட இப்படித்தான் அனுப்புகிறார்கள், ஏனென்றால் இங்கே கருத்தரங்குகளில் இப்படித்தான் தலைப்பு வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இருபது நிமிடத்தில் ஒருவர் இயற்கையைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது என்பது படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு சின்ன விஷயத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் மனப்பாடம் செய்த டாஃபடில்ஸ் கவிதையையே எடுத்துக்கொள்வோம். 1802 ஏப்ரல் 15ஆம் தேதி அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் சேர்ந்து நடந்தபோது பார்த்த பூக்கள் அவை. டோரதி அதைத் தன் நாட்குறிப்பில் விரிவாக எழுதிவைத்தார். அண்ணனின் கவிதை பிறகுதான் வந்தது, அச்சானது 1807ல். அப்போது அதில் மூன்றே பத்திகள். இன்று நாம் 'பொன்னிற டாஃபடில்ஸ்' என்று படிக்கிற இடத்தில் 'ஆடும் டாஃபடில்ஸ்' என்று இருந்தது. நட்சத்திரங்களைப் பற்றிய பத்தி 1815 பதிப்பில்தான் சேர்ந்தது. கடைசிப் பத்தியில் அகக்கண் பற்றி வரும் இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். தன்னந்தனியாக அலைந்தேன் என்று தொடங்கும் கவிதைக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்!

இதில் எந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தாலும் ஒரு பேப்பர் வரும். 1807க்கும் 1815க்கும் நடுவில் ஏன் பூக்களின் ஆட்டம் போய் நிறம் வந்தது? டோரதியின் உரைநடையில் பூக்கள் களைப்பாறுவதும் சிரிப்பதும் உண்டு. அதில் எது கவிதைக்கு வந்தது, எது விடுபட்டது? 'தனிமை' என்ற சொல் வரும் வரி இன்னொருவர் கொடுத்தது என்றால் அந்தத் தனிமையை நாம் எப்படிப் படிப்பது? இந்தக் கேள்விகளை ஏற்கெனவே பலர் தொட்டிருக்கிறார்கள், அதனால் இதையே அனுப்பிவிடாதீர்கள். அளவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

சுருக்கம் பெரும்பாலும் 250 சொற்கள். முதல் இரண்டு வாக்கியத்திலேயே உங்களைக் குழப்பிய விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்து, எந்தப் பிரதியை, எந்தக் கையெழுத்துப் படியை, எந்தக் கடிதத்தை வைத்துப் பேசப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு, அதிலிருந்து நீங்கள் என்ன வாதிடுகிறீர்கள் என்று ஒரு தெளிவான வாக்கியம். முந்தைய ஆய்வாளர்கள் ஓரிருவர் பெயர் போதும். ஃபூக்கோ, டெரிடா, ஸ்பிவாக் என்று கோட்பாட்டாளர்களின் பெயர் வரிசையாக வந்தால் கவிதைக்கு இடம் இருக்காது. 'இந்தக் கட்டுரை ஆராய முயல்கிறது' என்று எழுத வேண்டாம். ஆராய்ந்தாகிவிட்டது, கண்டதைச் சொல்கிறேன் என்ற தொனி வரட்டும்.

சுருக்கத்தில் கைடு பெயரையும் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். இலக்கிய ஆய்வில் எழுதியவர் பெயர் மட்டும்தான் போடுவார்கள். கைடுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் பேச்சின் தொடக்கத்தில் ஒரு வரி சொல்லலாம். இதை உங்கள் கைடிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறேன் என்பதால் காலனியம் பற்றித்தான் பேச வேண்டுமா?

கட்டாயமே இல்லை. பிளேக்கின் செம்புத் தகடுகளைப் பற்றியோ, பைரனின் யாப்பைப் பற்றியோ பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாராவது உங்களை ஒரு மூலைக்குத் தள்ளப் பார்த்தால் தள்ளப்படாதீர்கள்.

அதே சமயம், அந்தக் காலத்து ஆங்கிலக் கவிஞர்களின் வீடுகளுக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி எவ்வளவு தூரம் நுழைந்திருந்தது என்பது இன்னும் முழுதாகச் சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம். கட்டுரையாளர் சார்ல்ஸ் லேம் 1792 முதல் 1825 வரை லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணக்கு எழுதினார். வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி ஜான் கம்பெனிக் கப்பல் ஒன்றின் கேப்டன். வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய அந்தக் கப்பல் 1805 பிப்ரவரி 5ஆம் தேதி இங்கிலாந்துக் கரை தாண்டும் முன்பே வேமத் அருகே மூழ்கியது. ஜானோடு சேர்த்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். பீல் கோட்டைப் படத்தைப் பார்த்து வேர்ட்ஸ்வொர்த் எழுதிய இரங்கல் கவிதைக்குப் பின்னால் இருப்பது அந்தச் சாவு. கோல்ரிட்ஜின் அண்ணன் ஃபிரான்சிஸ் கம்பெனிப் படையில் இருந்து, 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்குப் பிறகு இந்தியாவிலேயே இறந்துபோனார். கவிஞர் ராபர்ட் சதியின் (Southey) நெடுங்கவிதை 'கெஹாமாவின் சாபம்' 1810ல் வந்தது. அதில் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் மகாபலியின் நகரம் நம் மாமல்லபுரம்தான். சதி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பயணக்குறிப்புகளைப் படித்தே கட்டிய நகரம் அது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் லேடன். ஸ்காட்லாந்துக் கவிஞர். வால்டர் ஸ்காட் எல்லைப்புற நாட்டுப்பாடல்களைத் தொகுத்தபோது கூடவே நின்று உதவியவர். 1803ல் உதவி மருத்துவராக மதராஸ் வந்து இறங்கினார். மைசூர், மலபார் என்று சுற்றி, மொழிகளைக் கற்று, இந்தியத் தங்கக் காசு ஒன்றைப் பார்த்து ஊர் ஏக்கத்தோடு ஒரு பாட்டு எழுதினார். 1811ல் ஜாவாவில் காய்ச்சலில் இறந்தார். ஸ்காட்லாந்திலும் சென்னையிலும் ஒரே ஆள் செய்த வேலைகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கு இங்கே இருக்கும் ஒரு மாணவருக்கு இருக்கிற வசதி அங்கே இருப்பவர்களுக்கு இல்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கம்பெனிக் காலத்து மதராஸ் ஆவணங்களோடு. 1785ல் தொடங்கிய 'மெட்ராஸ் கூரியர்' போன்ற பத்திரிகைகளையும் தேடிப் பார்க்கலாம்.

கல்கத்தாவில் 1809ல் பிறந்து 22 வயதில் இறந்த, ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர் டெரோசியோவும் இந்தக் காலத்துக்குள் நேராக வருகிறவர். பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதைச் சிலர் தலைப்பாக அனுப்ப நினைக்கிறார்கள். செய்யலாம், ஷெல்லி பிற்காலத்தில் எப்படி வாசிக்கப்பட்டார் என்ற கோணத்தில். ஆனால் பாரதியின் வரிகளுக்குள் இறங்கிக் காட்ட வேண்டும். பெயரை மட்டும் வைத்து இருபது நிமிடம் ஓட்ட முடியாது.

இருபது நிமிடம் என்றால் எத்தனை பக்கம்?

ஆங்கிலத்தில் 2,400 முதல் 2,600 சொற்கள். அதற்கு மேல் போகாதீர்கள். ஒரு அமர்வில் மூன்று பேர் பேசுவார்கள், பிறகு மூவருக்கும் சேர்த்துக் கேள்வி. நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் அடுத்தவருடையது. எழுதி வைத்துப் படிப்பது அங்கே சாதாரணம். அதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் கேட்பதற்கென்று எழுதுங்கள், குட்டி வாக்கியங்களாக. மேற்கோள் காட்டும் வரிகளைத் திரையிலோ அச்சிட்ட தாளிலோ எல்லாருக்கும் கொடுங்கள். கவிதையைப் பற்றிப் பேசும்போது கவிதை கண்ணெதிரே இருக்க வேண்டும்.

வீட்டில் சத்தமாக, கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். கூட இருக்கும் ஆய்வு நண்பர் ஒருவரை உட்கார வைத்து, எந்த இடத்தில் கவனம் போனது என்று கேளுங்கள்.

என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ?

மாட்டார்கள். இந்த மாநாட்டுக்கு இத்தாலி, ஜப்பான், பிரேசில் என்று எங்கிருந்தும் வரலாம். கிளாஸ்கோக்காரர் பேசுவது லண்டன்காரருக்கே சில நேரம் புரியாது. மெதுவாகப் பேசினால் போதும். வேகம்தான் நம் பிரச்சினை, உச்சரிப்பு அல்ல. ஊர்ப்பெயர், ஆட்பெயர் சிலவற்றை மட்டும் முன்னாலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சதி என்று நான் மேலே எழுதிய பெயரை அங்கேயே 'சவுதி' என்று சொல்பவர்களும் உண்டு, கவலை வேண்டாம்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால்?

'அதை நான் யோசிக்கவில்லை, யோசிக்கிறேன்' என்று சொல்லி, பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இது மரியாதையான பதில். மழுப்பினால்தான் முகம் சுளிப்பார்கள். கேள்வி கேட்பவர் உங்களைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. பெரும்பாலும் அவருடைய ஆய்வும் உங்கள் ஆய்வும் எங்கோ தொட்டுக்கொள்கிறது. இடைவேளையில் அவரைத் தேடிப் போங்கள். பெரிய மாநாட்டில் ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வு நடக்கும், உங்கள் அறைக்கு ஐந்து பேர் வந்தாலும் வரலாம். இங்கே கூட்டம் சிறியது, காலையில் பேசியதை மதியச் சாப்பாட்டிலும் பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி வெந்த யோசனையைச் சொல்லிப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் மாநாடு இதுவாக இருக்கட்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

'ரெஸ்பெக்டட் சார்' என்று மெயில் எழுதலாமா?

'டியர் டாக்டர்' அல்லது 'டியர் புரொஃபசர்' போட்டுக் குடும்பப் பெயர். அமைப்பாளர்கள் பதிலில் முதல் பெயரால் கையெழுத்திட்டால், அடுத்த முறை நீங்களும் முதல் பெயரிலேயே அழைக்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சார், மேடம் வேண்டாம்.

ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுப்பு வெளியிடுவார்களா? சான்றிதழ் உண்டா?

கேட்டால் கலந்துகொண்டதற்குக் கடிதம் கொடுப்பார்கள். பேசிய கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடும் வழக்கம் இந்தத் துறையில் அங்கே இல்லை. நம் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொகுப்பு கேட்கிறார்கள் என்பது உண்மை; அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். அதற்காகவே 'சர்வதேச மாநாடு, ஒரு வாரத்தில் வெளியீடு, கட்டணம் மட்டும் கட்டினால் போதும்' என்று மெயில் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை அவர்கள் கொண்டுபோவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சுருக்கம் அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால், எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே மாநாடு என்றால், குழுவில் இருப்பவர்களின் பெயர்களைத் தேடினால் ரொமாண்டிக் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரைகூட வராவிட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

மாநாட்டில் பேசியதை ஆறு மாதமோ ஒரு வருடமோ வளர்த்து, நல்ல ஆய்விதழுக்கு அனுப்புவதுதான் முறை. 'ஸ்டடீஸ் இன் ரொமாண்டிசிசம்', 'ரொமாண்டிசிசம்', 'யூரோப்பியன் ரொமாண்டிக் ரிவ்யூ', 'தி வேர்ட்ஸ்வொர்த் சர்க்கிள்' போன்றவை இந்தத் துறையின் இதழ்கள்.

செலவுக்கு என்ன வழி? விசா எப்படி?

இருப்பதிலேயே பெரிய தடை பணம்தான். பதிவுக் கட்டணத்தை விட விமான டிக்கெட்டும் தங்குமிடமும்தான் இடிக்கும். உதவித்தொகை இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அங்குள்ள மாணவர்களும் கேட்கிறார்கள். பார்ஸ் சங்கத்தில் மாணவர்களுக்குச் சந்தா குறைவு. நூலகம், ஆவணக் காப்பகம் சென்று ஆய்வு செய்ய உறுப்பினர்களுக்கு ஸ்டீஃபன் காப்லி நல்கை என்று ஒன்று உண்டு; பிரிட்டனுக்கு வெளியே படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநாட்டையும் ஆவணப் பயணத்தையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள், ஒரே டிக்கெட்டில் இரண்டு வேலை முடியும்.

மாநாட்டுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா போதும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம்; கோடையில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்புக் கடிதம், பல்கலைக்கழகம் தரும் தடையின்மைச் சான்று, செலவை யார் ஏற்கிறார் என்பதற்கான வங்கிக் கணக்கு விவரம் இவை முக்கியம். விசா கையில் வராமல் ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். பதிவுப் படிவத்திலேயே கேட்பார்கள்.

மாநாடு முடிந்ததும் எங்கே போகலாம்?

உங்கள் ஆய்வு யாரைப் பற்றியதோ அவருடைய தாள்கள் இருக்கும் இடத்துக்கு. வேர்ட்ஸ்வொர்த் என்றால் கிராஸ்மியர்; 1799 கடைசியிலிருந்து 1808 வரை அவர் வாழ்ந்த டவ் காட்டேஜும், பக்கத்திலேயே கையெழுத்துப் படிகள் இருக்கும் ஜெர்வுட் சென்டரும் அங்கே. விண்டர்மியர் வரை ரயில், அங்கிருந்து 555ஆம் எண் பஸ். டோரதியின் நாட்குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஷெல்லி, மேரி ஷெல்லி என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய நோட்டுகளில் மேரியின் கையெழுத்துக்கு நடுவே ஷெல்லி செய்த திருத்தங்களைப் பார்க்கலாம். பைரன் என்றால் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகம். அவருடைய பதிப்பாளர் ஜான் மரேயின் ஆவணங்கள் 2006ல் அங்கே வந்து சேர்ந்தன. பைரனின் சுயசரிதைப் பிரதியை மட்டும் அங்கே தேட வேண்டாம். அவர் இறந்த செய்தி வந்ததும், 1824 மே மாதத்தில், அதே மரேயின் வீட்டில் அதை எரித்துவிட்டார்கள். பெண் எழுத்தாளர்கள் என்றால் ஹாம்ப்ஷயரில் சாட்டன் ஹவுஸ். ஜேன் ஆஸ்டினின் அண்ணன் எட்வர்டுக்குச் சொந்தமாயிருந்த மாளிகை, இப்போது பழைய பெண் எழுத்துகளின் நூலகம். கம்பெனி ஆவணம் வேண்டுமென்றால் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரி.

எங்கே போனாலும் பல வாரம் முன்பே எழுதி, என்ன பார்க்க வேண்டும் என்று ஆவண எண்ணோடு கேட்டுவிடுங்கள். நேரில் போய் நின்றால் கையெழுத்துப் படி கிடைக்காது.

என்னால் போகவே முடியாது. பிறகு?

இணையவழி அமர்வு இருக்கிறதா என்று அறிவிப்பில் பாருங்கள். அது இல்லாவிட்டாலும், ஆய்வுக்கு வழி அடைபடவில்லை. பிளேக் ஆர்க்கைவ் 1996லிருந்து அவருடைய புத்தகங்களின் வெவ்வேறு பிரதிகளை வண்ணத்தில் இலவசமாகத் தருகிறது. ஷெல்லி-காட்வின் ஆர்க்கைவில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கையெழுத்துப் படியைத் திருநெல்வேலியில் உட்கார்ந்தே பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 'ரொமாண்டிக் சர்க்கிள்ஸ்' தளத்தில் சதியின் கடிதங்கள் பதிப்பிக்கப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரம் பற்றி யோசிப்பவர் முதலில் போக வேண்டிய இடம் அது.

சுருக்கத்தை நிராகரித்துவிட்டால்?

காரணம் கேட்டு ஒரு வரி எழுதலாம், சிலர் சொல்வார்கள். பல நேரம் அந்த வருடத் தலைப்போடும் மற்ற கட்டுரைகளோடும் சேர்த்து அமர்வாக்க முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். சுருக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கிராஸ்மியர் பக்கம் கோடையில் நடக்கும் வேர்ட்ஸ்வொர்த் மாநாடு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அமெரிக்கா, கனடா பக்கம் நாஸர் (NASSR) என்ற ரொமாண்டிக் ஆய்வுச் சங்கம் 1991லிருந்து இருக்கிறது. அதில் ஆய்வு மாணவர்களுக்குத் தனிக் குழு உண்டு. கீட்ஸ், ஷெல்லி, பைரன், கோல்ரிட்ஜ் ஒவ்வொருவருக்கும் சங்கங்கள் இருக்கின்றன. அந்தந்த அறிவிப்பின் தலைப்புக்கு ஏற்ப முதல் பத்தியை மட்டும் திருத்தி, அடுத்ததற்கு அனுப்புங்கள்.